மோட்டாருக்கு ஆன் வேண்டாம், பாப்பா

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? நம் கிணற்று மோட்டார் இழுக்கும் கரண்டை ஜெர்மனியிலிருந்தே பார்க்க நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், கரண்டை அளக்கும் மூன்று சி.டி. காயில், அந்த அளவை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. போர்டு, பென்டிரைவ் எல்லாம் பத்திரமாக இருந்தன. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே மீட்டிங் என்று ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அமேசான் சர்வரோடு பேச வைக்கும் மென்பொருளான எஸ்.டி.கே. போட்டாயிற்று. காட்பாடியில் படிக்கிற எதிர்வீட்டுப் பையன் லீவுக்கு வந்திருந்தான், அவன் தட்டத் தட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அதை ஏற்ற பிப் இன்ஸ்டால் என்று அடித்ததும் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று சிவப்பில் ஒரு திட்டு. 2023இல் வந்த புக்வோர்ம் என்ற சிஸ்டம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பையில் இப்படித்தானாம். சிஸ்டம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைத்தானில் நாம் கை வைக்கக் கூடாது. மீறி ஏற்றவும் ஒரு வழி இருக்கிறது என்றான் பையன். நான் விடவில்லை. சிஸ்டத்தைத் தொடாத தனி அறைபோல வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்று போட்டு, அதற்குள் அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். ஐ.ஓ.டி. எஸ்.டி.கே.யை இறக்கினோம். அதற்கு அடியில் ஓடும் சி மொழிப் பகுதியும் தானாகவே கூட வந்துவிட்டது.

பென்டிரைவில் இருந்த மூன்று ஃபைலையும் காப்பி செய்தோம்: சாதனத்தின் அடையாளமான சர்டிஃபிகேட், அதன் ரகசியச் சாவியான பிரைவேட் கீ, எதிரில் இருப்பது அமேசான் சர்வர்தானா என்று சரிபார்க்க அமேசானின் ரூட் சர்டிஃபிகேட். அந்தக் கீயை உருவாக்கும்போது ஒரே ஒரு தடவைதான் டவுன்லோட் செய்ய முடியும் என்று பையன் சொன்னான். வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 என்று வைத்துவிட்டு, பென்டிரைவை அம்மாவிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொன்னேன்.

இத்தனைக்கும் பிறகு கனெக்ட் ஆகவில்லை. செய்தி போகும் வாசலான 8883 போர்ட்டை நம் நெட் லைன் தடுக்கிறதோ என்று பையன் ரொம்ப நேரம் தேடினான். கடைசியில் பார்த்தால் ராஸ்பெரி பையின் கடிகாரம் பல மாதம் பின்னால் நிற்கிறது. நீ அனுப்பிய மாடலில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, நெட்டிலிருந்துதான் நேரம் எடுக்க வேண்டும். அமேசான் சர்வர் காட்டும் சர்டிஃபிகேட்டில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது அல்லவா? இதன் கணக்கில் அந்த முதல் தேதியே இன்னும் வரவில்லை. நேரத்தைச் சரி செய்ததும் இணைந்துவிட்டது. கரண்ட் போய் வந்த பிறகு நேரம் சரியாகும் வரை புரோகிராம் காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடு. நம் ஊரில் அது கட்டாயம் தேவை.

இப்போது மூன்று ஃபேஸின் ஆம்பியரும் நிமிடத்துக்கு ஒரு தடவை உனக்கு வந்துகொண்டிருக்கும். இந்தச் செய்தியை அனுப்பும் முறையான எம்.கியூ.டி.டி. என்பதை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்கத்தான் உருவாக்கினார்களாம். அந்தக் காலச் சாட்டிலைட் லைனுக்கே போதுமென்றால் நம் கிணற்றுமேட்டு சிக்னலுக்குத் தாராளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாதனம் என்னென்ன செய்யலாம் என்று நீ எழுதிய பாலிசியைப் பையன் படித்துக் காட்டினான். எதையும் செய்யலாம் என்று எல்லா அனுமதிக்கும் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறாய். எதற்கு என்று கேட்டதற்கு, "அக்கா அடுத்து ரிலே சுவிட்ச் வைத்து அங்கிருந்தே மோட்டாரை ஆன் பண்ணப் போறாங்க" என்றான். அது வேண்டாம், பாப்பா.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன். ஒரு ஃபேஸ் போன பிறகும் ஓடிய மோட்டார் கடைக்கு வந்தால் திறந்ததுமே தெரியும். ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு ஃபேஸின் காயில் கருகிக் கரியாக இருக்கும், மூன்றாவது மட்டும் வார்னிஷ் மினுமினுப்பு கூடக் குறையாமல் நேற்றுக் கட்டியதுபோல் இருக்கும். அதைத் தடுக்க, ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டர் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இருக்கிறது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆக, நிறுத்துவதற்கும் நீ தேவையில்லை.

ஆன் செய்வது அதைவிட மோசம். நம்முடையது கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருக்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள மோனோபிளாக். குழாயின் அடியில் தண்ணீரை இறங்காமல் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு பிடிக்காமல் தண்ணீர் இறங்கியிருந்தால் வறண்டு ஓடும், ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கிளாண்டு கருகிவிடும். ஒரு குடம் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் போட வேண்டும். அதைவிட முக்கியம், கிளாண்டு இறுக்க நம் ஆள் உள்ளே இறங்கி ஷாஃப்ட் பக்கம் கை வைத்திருப்பான். நீ ஜெர்மனியில் காபி குடித்துக்கொண்டே பட்டனைத் தட்டுவாய். அவன் கை அங்கே இருப்பது உன் போனில் தெரியுமா? த்ரீ ஃபேஸ் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்வேன். கேட்க மாட்டார்கள், அது வேறு.

அதனால் பாலிசியில் இணைவதற்கான கனெக்ட், அனுப்புவதற்கான பப்ளிஷ் இரண்டு மட்டும் இருக்கட்டும். அதுவும் இந்தச் சாதனத்தின் பெயரில், ஆம்பியர் செய்தி போகும் இந்த ஒரே டாபிக்குக்கு மட்டும். வெளியிலிருந்து செய்தி வாங்குவதற்கான சப்ஸ்கிரைப், ரிசீவ் இரண்டையும் எடுத்துவிடு. வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் இதற்குள் வரக்கூடாது. நாளைக்கே யாராவது கீயைத் திருடினாலும் பொய் ஆம்பியர் அனுப்பலாம், மோட்டாரைத் தொட முடியாது. ஆம்பியர் பார்த்து உனக்குச் சந்தேகம் வந்தால் போன் போடு, நான் போய்ப் பார்க்கிறேன். கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. லைன் சொல்லாமல் அறுந்தால் நம் சார்பில் சர்வரே செய்தி சொல்லும் 'லாஸ்ட் வில்' வசதி ஒன்று இருக்கிறதாமே, அதையும் இதே டாபிக்கில் போட்டு வை. ஆம்பியர் வரவில்லை என்றால் மோட்டார் நின்றதா, நெட் போனதா என்று நீ ராத்திரியில் குழம்ப வேண்டாம்.

பாலிசியை மாற்றியதும் சொல். பையன் ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பான், அதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவளிடம் பேசிவிடு.

அன்புடன்,
அப்பா