ஆச்சிக்கும் மாத்தறைப் பிள்ளைகளுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் போனால் மனம் ஆறிவிடும், அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தேநீர்க் கடை ஆச்சிக்கு.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் தெற்கே மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்வது தெரியும்தானே. வெள்ளச் செய்தி கேட்டு அங்கிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது. எல்லாம் சிங்களத்தில், அவசரமாகக் கிறுக்கியவை. எங்கள் சிங்கள ஆசிரியை இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவார்கள், பொருள் பிடிபடாது. உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

"கொண்டாங்க டீச்சர், நான் பாக்குறேன்" என்று ஆச்சி வந்தார். இத்தனை காலம் அவரிடம் தேநீர் குடித்திருக்கிறோம், அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமென்று ஒருவருக்கும் தெரியாது. இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, அயல் சிங்களப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவராம். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் குடும்பத்தோடு இங்கே வன்னிக்கு ஓடி வந்தவர். தெரிந்திருந்தாலும் அவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கடியில் நகர்த்தி நகர்த்தி வாசித்தார். 2017 மே வெள்ளத்தில் தன் வீடும் மூழ்கியதாக ஒரு பையன் எழுதியிருந்தான். நனைந்த கொப்பியை வெயிலில் போடாதே, தாள்களுக்கு நடுவே பழைய பத்திரிகை வைத்து நிழலில் காயவிடு என்று யோசனை வேறு. அப்புறம், உங்கள் ஆடு தப்பியதா என்றொரு கேள்வி. ஆச்சி அதோடு நிறுத்திவிட்டு, "ஆடு இருக்கா புள்ள?" என்று அந்தக் கடிதம் வந்த பிள்ளையிடமே கேட்டார்.

"ஆடு இருக்கு ஆச்சி. குட்டியள்தான் இல்லை."

அடுத்த வரிக்குப் போக அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மேடை போட்டு, மாலை போட்டு, படம் எடுத்த நல்லிணக்க விழாக்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம். அங்கே எவரும் ஆட்டை விசாரித்ததில்லை.

பதில்களுக்கும் ஆச்சிதான். "எழுத வராது, சொல்லித் தர்றேன்" என்றார். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். பிழைகள் இருக்கும், மாத்தறைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தபால் பையை நனையாமல் பரண்மேல் ஏற்றி வைத்த உபதபாலக அலுவலர், அதை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்த தம்பி, சேறு வழித்த இளைஞர்கள், லொறியில் கொப்பிகள் அனுப்பிய தெற்குப் பெற்றோர், புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

இனிப் பரீட்சை வந்தாலும் கடிதப் பாடவேளையை வேறெதற்கும் கொடுக்க மாட்டேன். புதிய ஆசிரியர் வந்தாலும் கிழமைக்கு ஒருநாள் ஆச்சி வகுப்புக்கு வருவார், அதிபரிடம் கேட்டாயிற்று.

ஆச்சியின் கடையையும் வெள்ளம் விடவில்லை. நேற்றுத்தான் மறுபடி அடுப்பு மூட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். கடன் மட்டும் சொல்லாதீர்கள்.