கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

வன்னி வைத்தியசாலைகளில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கு,

வணக்கம்.

பித்தப்பையை எடுத்த பிறகு என் அம்மாவின் வயிற்றில் ஐந்து தழும்புகள். நான்கு, விரல் நகத்தளவு. ஐந்தாவது, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம். "ஏன் பிள்ளை அஞ்சு இடத்தில வெட்டினவை? ஏதும் பிழைச்சுப் போட்டுதோ?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பல மாதம் அந்தப் பயத்தோடுதான் படுத்தெழும்பினார்.

பிறகு, தாதியாக இருக்கும் உறவுக்காரர் ஒருவர் வைத்தியசாலையில் தந்த துண்டை வாசித்துச் சொன்னார். பிழை ஒன்றும் நடக்கவில்லை. சின்னத் துளைகளால் கமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் நுண்துளை முறையில்தான் தொடங்கியிருக்கிறார்கள். பலமுறை அழற்சி வந்த பித்தப்பை, சுற்றியிருந்தவற்றோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளம் எது, அதோடு பித்தப்பையை இணைக்கும் காம்பு எது என்று கமராவில் பிரித்தறிய முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பதுதான் பாதுகாப்பு. பித்தநாளத்தில் காயம் பட்டால் அது காலம் முழுக்க வில்லங்கம். அன்று திறக்க முடிவெடுத்தவருக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் "இப்படியும் ஆகலாம் அம்மா" என்று முதலே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

நுண்துளை என்றால் பெரும்பாலும் மறுநாள் வீடு, ஓரிரு கிழமையில் வழமையான வேலை. திறந்து செய்தால் சில நாள் வாட்டு, அப்புறம் ஆறு கிழமை வரை பாரம் தூக்கக் கூடாது. அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டாம் நாள் கிணற்றடியில் வாளியோடு நின்றார். பக்கத்து வீட்டு அக்கா துளை போட்டுச் செய்து பத்து நாளில் தண்ணி அள்ளினவ, அதுதான் அவருக்குக் கணக்கு. அந்த அக்காவுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த இரவு தோள்மூட்டு வலிக்க, மாரடைப்போ என்று நடுச்சாமம் ஓட்டோ பிடித்தார்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் காபனீரொட்சைட்டு வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தியதால் வந்த வலி அது.

1882இல் பேர்லினில் லாங்கன்புக் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் முதன்முதல் பித்தப்பையை எடுத்தது திறந்த முறையில். நுண்துளை 1985இல்தான் வந்தது. பழையது என்பதற்காகத் திறந்த முறை குறைந்ததல்ல, எங்களுக்கும் அது விளங்கும். எங்களுக்கு வேண்டியது விளக்கம். களை பிடுங்கிக் கூலி எடுக்கும் பெண்ணுக்கு ஆறு கிழமை என்பது வீட்டு அடுப்போடு சேர்ந்த கணக்கு. முன்கூட்டித் தெரிந்தால் விதைப்புக்கு முந்தியோ அறுவடைக்குப் பிந்தியோ திகதி கேட்பாள், அவசரமில்லாவிட்டால்.

என் சித்திக்கு அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. சம்மதப் படிவத்தை நீட்டுமுன் கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருங்கள். ஒரு தாளில் வயிற்றைக் கீறி, துளை எங்கே, திறந்தால் வெட்டு எங்கே என்று காட்டுங்கள். எந்தத் திகதிக்குப் பிறகு வாளி தூக்கலாம் என்பதைக் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்