காலபோகக் கூட்டத்தில் அந்த ஒளிப்படங்களைக் காட்டுங்கள்

வன்னி மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், இரணைமடு முதல் சிறு குளங்கள் வரை பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

விதைப்புத் திகதி, பசளை, கட்டாக்காலி மாடு என்று எல்லாம் பேசும் அந்தக் கூட்டங்களில் எலிக்காய்ச்சலுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன். துண்டுப்பிரசுரம் போதாது. காட்டுவதற்குப் படம் இருக்கிறது.

உயிருள்ள உடலுக்குள் பக்டீரியா எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதை 1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒளிரும் மரபணு ஏற்றிய சல்மொனெல்லா என்ற பக்டீரியாவைச் சுண்டெலிக்குக் கொடுத்து, தோலைத் தாண்டி வரும் மங்கிய வெளிச்சத்தைக் கமராவில் பிடித்தார்கள். நீல, பச்சை ஒளியை இரத்தம் விழுங்கிவிடும். சிவப்புத்தான் அதிகம் வெளியே வரும். அதனால் இது சுண்டெலி அளவு உடலுக்கே சரிவரும். மனிதருக்கான பரிசோதனை அல்ல.

நமக்கு வேண்டியது 2014இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு. மின்மினியின் மரபணுவை எலிக்காய்ச்சல் கிருமிக்குள் ஏற்றி, கிருமி கொடுத்த சுண்டெலிகளை நாட்கணக்கில் தொடர்ந்து படம் பிடித்தார்கள். முதல் நாட்களில் கிருமி இரத்தத்தில் பரவுகிறது. பிறகு இரத்தத்திலிருந்து மறைகிறது. தப்பிய சுண்டெலி சுகமாகத் திரிகிறது. ஆனால் அப்புறம் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரிகிறது! அங்கே குடியேறிய பிறகு கொடுத்த மருந்துகளால் கிருமியை முழுதாக அகற்ற முடியவில்லை.

கமக்காரர் பார்க்க வேண்டியது இதைத்தான். நோயே இல்லாததுபோல் வரம்பில் ஓடும் எலி, வயல் தண்ணீரில் சிறுநீரோடு கிருமியைக் கழித்துவிட்டுப் போகலாம். செத்த எலியைக் கண்டால் மட்டும் பயப்படுவதில் அர்த்தமில்லை. சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வயல் வேலையையும் அங்கே சொல்ல வேண்டும்.

படம் முடிந்ததும் பொதுச் சுகாதார பரிசோதகர் அங்கேயே எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையான டொக்சிசைக்ளின் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். கூலிக்குக் களை பிடுங்கும் பெண்கள் அந்தக் கூட்டங்களுக்கு வருவது குறைவு. அவர்களுக்கு வயல் கரையிலேயே படத்தைக் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை என்பதால், அவர்களோடு தனியாகப் பேச ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வன்னியின் கமக்காரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன்