கடைவீட்டு மாடி

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே முட்டிவலியைத் தவிர நான் நலம்.

தெலுக் இந்தான் கடைவீட்டு மாடியை, குருவி வளர்த்து அதன் கூட்டை விற்கும் பறவைக்கூட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தாய். பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அங்கே மனிதர் குடியிருக்க முடியாது. எச்சமும் ஈரமும் பலகைத் தரையை என்ன பாடு படுத்தும் என்று உனக்கே தெரியும்.

இதற்கிடையில் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள பாப்பான் ஊருக்குப் போக நேர்ந்தது. ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், ஓடிய காலத்தில் பணம் புழங்கிய ஊர். இப்போது பெரிய தெருவில் பல கடைவீடுகள் இடிந்து, சுவருக்குள் மரம் வேர்விட்டிருக்கிறது. நான் பார்க்கப் போனது எண் 74, ஜப்பானியர் காலத்தில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்த சிபில் கார்த்திகேசு இருந்த வீடு. நம் பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி யாராவது பேசினார்களா? எனக்கு நினைவில்லை.

அவர் சுமத்ராவின் மேடானில் 1899-இல் பிறந்தவர், தாதி. கணவர் கார்த்திகேசு டாக்டர். ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் படையெடுத்ததும் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள். கீழே மருந்தகம், மேலே குடித்தனம். முன்வாசலில் ஊர்ச்சனம் மருந்துக்கு வரும். இருட்டியதும் பின்வாசலில் காட்டிலிருந்து, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிக் காயம்பட்ட கெரில்லாக்கள். படிக்கட்டுக்கு அடியில் ரேடியோவை ஒளித்து வைத்து சிபில் பிபிசி கேட்டிருக்கிறார்.

தனி பங்களாவாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று யோசித்தேன். கடை என்றால் யார் வந்தாலும் ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கட்டடமோ குறுகலாக உள்ளே நீண்டு போகும். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், நிற்பவனுக்குச் சமையற்கட்டு தெரியாது.

1943-இல் சிபிலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் செய்த சித்திரவதையில் முதுகெலும்பு போயிற்று. சின்ன மகளைக் கண்ணெதிரே கொல்வதாக மிரட்டியும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து சிறையிலிருந்து வந்தவரைச் சிகிச்சைக்கு பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வாங்கி, 1948 ஜூனில் அங்கேயே இறந்துபோனார். பிறகு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இன்னொன்று. ஈப்போ பழைய டவுனில் எந்தக் கடைவீட்டைத் தொட்டாலும் காப்பிக்கடையாக்கி, சுவரில் படம் வரைந்துவிடுகிறார்கள். பாப்பான் வீட்டுக்கு அந்த அலங்காரம் இல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கீழே தையல்காரரோ சலூன்காரரோ, மாடியிலும் அவர்களே குடியிருப்பதாக இருந்தால் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கூட விடு. ராத்திரி ஆள் இருக்கிற வீட்டில் ஒழுகினால் உடனே தெரியும். கூரை ஓடுகளை மட்டும் மழைக்கு முன்னே மாற்றிவிடு. பழைய ஓடு தெரிந்த தச்சர் ஒருவர் இங்கே இருக்கிறார், வேண்டுமானால் எண் அனுப்புகிறேன். தீபாவளிக்கு நீ வருகிறாயா, நான் வரட்டுமா?

அன்புடன்,
மணியம்