உதவித்தொகை வரும்வரை சாப்பிட விடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், மெஸ் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

போன வியாழக்கிழமை ஆண்கள் விடுதி உணவுக்கூடத்தின் கதவில் ஒட்டப்பட்ட பட்டியல் பற்றித்தான் இந்த மடல். அது என்ன பட்டியல் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. பதிவெண், பெயர், மெஸ் பாக்கி, நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் ஏறிய அபராதம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இம்மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாதவர்களின் பெயர் மெஸ்ஸிலிருந்து நீக்கப்படும் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

அந்தக் குறிப்புக் கட்டம் பலருக்குக் காலியாக இருக்கிறது. சிலர் பெயருக்கு எதிரே மட்டும் 'ஸ்காலர்ஷிப்' என்று எழுதியிருக்கிறது. யார் எழுதச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. 'பாவம், பணம் வர வேண்டியிருக்கிறது' என்ற நல்லெண்ணத்தில்கூட எழுதியிருக்கலாம். ஆனால் நம் வளாகத்தில் அந்த உதவித்தொகை யாருக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சக மாணவன் என்ன சாதி என்று இதுவரை தெரியாதவர்களும், தெரிந்துகொள்ள நினைக்காதவர்களும், தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதே படித்துத் தெரிந்துகொள்ள வசதி செய்து கொடுத்துவிட்டீர்கள். என் பெயர் அதில் இல்லை. நான் மூன்றாம் ஆண்டு மெஸ் ரெப். அந்தக் கதவருகில் நின்று டோக்கன் கிழிப்பது என் வேலை. அதனால் யார் யார் அதைப் படித்தார்கள், படித்துவிட்டு யாரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதையெல்லாம் நான் பார்க்க வேண்டியிருந்தது.

கேட்க வந்தது ஒன்றுதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களை, அந்தப் பணம் வரும்வரை மெஸ்ஸிலிருந்து நீக்காதீர்கள், அபராதமும் போடாதீர்கள்.

பணம் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மெஸ் பில் மாதாமாதம் வருகிறது, உதவித்தொகை அப்படி வருவதில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை மாற்றியமைத்த பிறகு, மாநில அரசு தன் பங்கான 40 விழுக்காட்டைக் கொடுத்த பின்னால்தான் மத்திய அரசின் 60 விழுக்காடு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கில் விழும். அதற்கு முன் சாதிச் சான்று, வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்பதற்கான சான்று, அப்புறம் கல்லூரியின் சரிபார்ப்பு. இதில் எந்தப் படியில் சிக்கினாலும் பணம் கல்வியாண்டின் கடைசிக்குப் போய்விடுகிறது. சில நேரம் அடுத்த ஆண்டுக்கே போய்விடுகிறது.

இந்தத் தாமதத்துக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியுமா? இந்த ஆண்டு விண்ணப்பங்கள் நம் அலுவலகச் சரிபார்ப்புக்காகவே வாரக்கணக்கில் கிடந்தன. 'ஆள் லீவு', 'சர்வர் டவுன்', 'ஆடிட் நடக்கிறது', 'அடுத்த வாரம் வா' என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஆள் லீவில் போவதும் சர்வர் படுப்பதும் எங்கும் நடப்பதுதான், அதைக் குறை சொல்லவில்லை. மாணவன் தாமதித்தால் நாளுக்குப் பத்து ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களே, அலுவலகம் தாமதித்த நாட்களுக்கு யார் கணக்கில் பத்து ரூபாய் எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

பணம் வந்தாலாவது தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. தொழிற்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்கு இந்தத் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் படித்தொகை 13,500 ரூபாய். நம் மெஸ்ஸில் டிவைடிங் முறை. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் போட்டு வகுத்தால் தலைக்கு மாதம் 3,000 ரூபாயைத் தாண்டுகிறது. வந்து சேரும் தொகை நாலரை மாதச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது. மிச்சத்தை வீட்டில்தான் அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் செய்கிறார்கள், வட்டிக்கு வாங்கியாவது. பாக்கிப் பட்டியலில் இருக்கும் யாரும் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. மூன்று ஆண்டுப் பேரேடு மெஸ் அறையில்தான் இருக்கிறது. உதவித்தொகை வந்த பிறகும் கட்டாமல் ஓடிப்போனவர் யாராவது உண்டா என்று புரட்டிப் பாருங்கள். நான் புரட்டிப் பார்த்தேன், ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

பெயர் நீக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் நீக்கப்பட்டவன் மெஸ் பக்கமே வரமாட்டான். முந்தைய செமஸ்டரில் நீக்கப்பட்ட முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், இருக்கிற விளம்பரமே அவனுக்குப் போதும். காலையில் சாப்பிடாமல் வயல்வெளிச் செய்முறை வகுப்புக்குப் போவான். மதியம் எல்லோரும் மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது நூலகத்துக்குப் போய்விடுவான். நன்றாகப் படிக்கிற பையன் என்று ஆசிரியர்கள்கூடப் பாராட்டினார்கள். இரவில் அறைத்தோழன் தன் பங்குச் சப்பாத்தியில் இரண்டைச் செய்தித்தாளில் சுருட்டி, சட்டைக்குள் வைத்து எடுத்துப் போவான். குருமாவைச் சுருட்ட முடியாது அல்லவா, அதனால் அறையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. அதையும் யாரோ பார்த்துச் சொல்லி, 'மெஸ் உணவை அறைக்கு எடுத்துச் செல்பவர்கள் மீது நடவடிக்கை' என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டியவனும் நான்தான்.

இதில் உச்சம் எது தெரியுமா? மெஸ்ஸில் பெயர் இல்லாத அந்த மாதங்களுக்கும் அவனுக்குப் பில் வந்தது. சமையல்காரர் சம்பளம், மின்சாரம், பாத்திரத் தேய்மானம் என்று எஸ்டாபிளிஷ்மென்ட் சார்ஜ். சாப்பிடாத சாப்பாட்டைச் சமைத்ததற்குக் கூலி. அதைக் கட்டாததற்கு அபராதமும் உண்டு. பாக்கியை வசூலிக்கத்தான் பெயரை நீக்கினீர்கள், நீக்கிய பிறகு பாக்கி கூடியிருக்கிறது.

'முடியாதவர்கள் வெளியே அறை எடுத்துத் தங்கிக்கொள்ளட்டுமே' என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம் கல்லூரியில் விடுதியில் தங்குவது கட்டாயம். சேர்க்கையின்போது அப்பாக்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில் அது இருக்கிறது. அப்படியே வெளியே போக விட்டாலும், அவன் விடுதி மாணவன் இல்லை என்று ஆகிவிடுவான். விடுதி மாணவனுக்கு 13,500 என்று இருக்கும் படித்தொகை, வெளியிலிருந்து வந்து படிப்பவனுக்கு 7,000. அதாவது பில் கட்ட வழியில்லாதவனுக்கு நீங்கள் காட்டும் வழியில் அவன் உதவித்தொகை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

இன்னொருவர் அரசு நல விடுதியில் சேரச் சொன்னாராம். 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், நல்ல பெயர். ஆனால் கல்வியாண்டின் நடுவில் அங்கே இடம் கேட்டுப் போய் நின்றால் யார் தருவார்கள்? விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கல்லூரி, அந்த விடுதியில் சோறு போடும் பொறுப்பை மட்டும் வேறு விடுதிக்குத் தள்ளிவிடலாமா?

ஏப்ரல் 14 சமத்துவ நாளுக்குப் பெரிய அரங்கில் விழா நடத்தினோம். மாலை, உறுதிமொழி, உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் கேசரி எல்லாம் இருந்தது. விழாவில் பேசிய ஒருவர், அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனதை உருக்கமாகச் சொன்னார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. அந்த உதவித்தொகைக் காலம் முடிந்துபோனதால்தான் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. அதைப் பேச்சாளர் சொல்லவில்லை, நேரமில்லாமல் இருந்திருக்கலாம். நம் மாணவர்கள் காத்திருக்கும் இந்தப் போஸ்ட் மெட்ரிக் திட்டமும், அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கியதுதான். எண்பது ஆண்டு தாண்டிய பிறகும் அது எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டிஜிட்டல் இந்தியாவில் டீக்கடைக்காரருக்கு ஒரு நொடியில் பணம் போகிறது. மாணவனுக்குப் போக வேண்டிய பணம் மட்டும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிறது.

சரி, டெல்லியையும் சென்னையையும் திட்டி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

மெஸ் நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மளிகைக்கடைக்காரருக்கு உதவித்தொகைக் கதை சொல்லி மாளாது. கேஸ் கடனுக்கு வராது. பாக்கி நின்றால் அந்தச் சுமை பில் கட்டும் மாணவர்கள் தலையில்தான் விழும், அவர்களும் வசதிக்காரர்கள் இல்லை. ஆனால் சேரும்போதே ஒவ்வொருவரிடமும் மெஸ் முன்பணமும் காப்புத்தொகையும் வாங்கியிருக்கிறீர்கள். அது வங்கியில் வைப்பாக இருக்கிறது என்று மெஸ் கணக்கிலேயே வருகிறது. உதவித்தொகைக்காகக் காத்திருப்பவர்களின் மாத பில்லை அதிலிருந்து எடுத்து மெஸ்ஸுக்குக் கொடுங்கள். பணம் அவர்கள் கணக்கில் விழுந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஒப்புதல் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். கல்விக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்காமல் சேர்க்க ஃப்ரீஷிப் அட்டை என்ற ஏற்பாட்டையே மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. படிப்புக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் சாப்பாட்டுக்கும் பொறுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். குழு கூடி ஒரு தீர்மானம் போட்டால் முடிந்தது.

அபராதத்தை உதவித்தொகை மாணவர்களுக்கு முழுமையாக நீக்கிவிட வேண்டுகிறேன். பெயர் நீக்கிய மாதங்களுக்கு வாங்கிய எஸ்டாபிளிஷ்மென்ட் சார்ஜையும் திருப்பித் தர வேண்டும். இனிமேல் பாக்கி விவரத்தை அவரவர் கைப்பேசிக்குத் தனியாக அனுப்புங்கள். ஹால் டிக்கெட் எண்ணையே அப்படித்தானே அனுப்புகிறீர்கள்.

இதை எழுதியதற்காக என்னை மெஸ் ரெப் பொறுப்பிலிருந்து நீக்குவதாக இருந்தால் தாராளமாக நீக்கலாம். டோக்கன் கிழிக்க வேறு ஆள் கிடைப்பார். காத்திருக்கும் மாணவர்களை மட்டும் மெஸ்ஸிலிருந்து நீக்காதீர்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

15-ஆம் தேதி வர இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதற்கு முன் குழுவைக் கூட்டுங்கள். பட்டியலில் இருக்கும் மாணவர்களில் இருவரையாவது கூட்டத்துக்கு அழைத்து அவர்கள் வாயால் கேளுங்கள். கதவில் இருக்கும் அந்தத் தாளை எடுக்கக் கூட்டம்கூடத் தேவையில்லை, இன்றைக்கே எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு விடுதி மாணவன்