எட்டாம் வேற்றுமையில் ஒரு விண்ணப்பம்

கோவையில் எனக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை செய்த தனியார் மருத்துவமனையின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இருவர் தங்கும் அறையின் சன்னலோரப் படுக்கையில் ஒன்பது நாள் இருந்த நோயாளி நான். சிகிச்சையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறேன். உங்கள் ஊழியர்கள் என்னைப் பெயர் சொல்லாமல் "செல்லம்" என்றே கூப்பிட்டது பற்றி, வீடு திரும்பும் நாளில் தரப்பட்ட கருத்துப் படிவத்தில் நான் எழுதியதும், பிறகு என் மகள் மூலம் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களும் உங்களிடம் இருப்பதால், பின்னணியை மீண்டும் விவரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவற்றுக்கு வந்த ஒரே பதில், "சாரி பாட்டிம்மா, எங்க பொண்ணுங்க பாசத்துலதான் அப்படிக் கூப்பிடறாங்க, கோவிச்சுக்காதீங்க செல்லம்" என்ற தொலைபேசி அழைப்பாக இருந்ததால், இதைப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் கோரிக்கை ஒன்றே. உங்கள் ஊழியர்கள் நோயாளியை அவருடைய பெயரால் அழைக்க வேண்டும். வயதில் மூத்தவரை வெறும் பெயரால் அழைக்கக் கூச்சமாக இருந்தால், பெயரோடு ஓர் "அம்மா"வையோ "ஐயா"வையோ சேர்த்துக்கொள்ளட்டும்.

நான் அரசுப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தொல்காப்பியம் தன் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் நான்காவதை, விளிமரபு என்ற பெயரில், ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்காகவே ஒதுக்கியிருக்கிறது. அருகில் இருப்பவரை விளிக்கும்போது சொல் எப்படி நிற்கும், தொலைவில் இருப்பவரை விளிக்கும்போது ஓசை எப்படி நீளும் என்பது வரை அதில் உண்டு. கூப்பிடுவதை இவ்வளவு பெரிய காரியமாக எண்ணிய மொழியில் பிறந்து, அதையே கற்பித்துப் பிழைத்தவளை, உங்கள் மருத்துவமனையில் ஒன்பது நாளும் "செல்லம்", "தங்கம்", "பாட்டி செல்லம்", "குட்டிம்மா" என்றே கூப்பிட்டார்கள். உணவுத்தட்டை வைக்க வந்தவரும், எக்ஸ்ரே எடுக்கச் சக்கர நாற்காலியைத் தள்ளிச் சென்ற இளைஞரும், என் பேரனைவிட ஓரிரு வயதே மூத்தவராகத் தெரிந்த பயிற்சி மருத்துவரும் இதற்கு விலக்கில்லை. மாத்திரையை விழுங்கினால் "குட் கேர்ள்" என்ற பாராட்டும் கிடைத்தது. எனக்கு வயது 71.

முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லி அழைப்பது நம் வழக்கம் என்பதை நான் அறியாதவள் அல்லள். உழவர் சந்தையில் கத்தரிக்காய் நிறுப்பவர் "வாங்கம்மா" என்கிறார். பேருந்தில் இடம் விடும் பெண் "உக்காருங்க பாட்டி" என்கிறாள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கொங்கு நாட்டில் "கண்ணு" என்ற அழைப்பும் அன்றாடம் காதில் விழுவதுதான். ஆனால் அந்தக் "கண்ணு" மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்கி வருவது, கீழிருந்து மேலே ஏறாதது. அப்படி இறங்கும்போதும் அது மரியாதையைக் கைவிடுவதில்லை. எங்கள் அப்பத்தா ஐந்து வயதுப் பேத்தியான என்னை "சாப்பிட வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிட்டார். ஐந்து வயதில் எனக்குக் கிடைத்த அந்த "ங்க", 71 வயதில், நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் என்று வாடகை செலுத்திய அறையில் கிடைக்கவில்லை. அங்கே என் காதில் விழுந்தது "கையக் குடு செல்லம்".

இது காதுக்கு உறுத்தும் சிறு விஷயம் என்று நீங்கள் கருதக்கூடும் என்பதால், படிவத்தில் மூன்று வரியில் எழுதிய சம்பவத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காலை, இரவுப் பணியினர் போய்ப் பகல் பணியினர் வரும் நேரம், சிற்றுண்டி இன்னும் வரவில்லை. புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் தட்டில் ஊசியோடு உள்ளே நுழைந்து, "பாட்டி செல்லம், ஊசி போடலாமா?" என்று கேட்டார். அறையில் இருந்த இரண்டு பெண்களுமே பாட்டிகள், இரண்டு பேருமே செல்லங்கள். பக்கத்துப் படுக்கை அம்மையார் உறங்கிக்கொண்டிருந்தார், விழித்திருந்த நான் "என்ன ஊசி?" என்று கேட்டதால், ஊசி எனக்கு என்றாகிவிட்டது. இன்சுலின் என்றார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்றேன். "அடம் பிடிக்கக் கூடாது செல்லம், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் என் சட்டைக் கையை மேலே ஏற்றி, பஞ்சால் தோலைத் துடைத்தும் விட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன். "குட் கேர்ள் இல்ல?" என்றார்.

பணி ஓய்வுக்குப் பிறகு எடுத்தே இராத வகுப்பறைக் குரலை அப்போதுதான் எடுத்தேன். "கையை எடு. என் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கிற பெயரை வாய்விட்டுப் படி" என்றேன். அவர் படித்தார். படித்து முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது.

நீரிழிவு இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் இன்சுலின் ஏறினால் இரத்தச் சர்க்கரை சரிந்து என்னென்ன ஆகும் என்பதை மருத்துவர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் மீது நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை. பிற்பகல் என் கட்டிலருகே நின்று அழுதவரை நானே தேற்றி அனுப்பினேன். நான் கேட்பது, அவருக்கு இப்படிப் பேசக் கற்பித்த வழக்கத்தைப் பற்றி. நோயாளியின் பெயரைச் சொல்லியிருந்தால், சொன்ன அந்த நொடியே ஆள் மாறியது தெரிந்திருக்கும். அதைவிட என்னை இன்றும் உறுத்துவது, செல்லம் ஆகிவிட்டவள் "வேண்டாம்" என்று சொன்னால் அதை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை, குழந்தையின் அடமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான்.

மருந்து கொடுக்கும் முன் நோயாளியைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால், அதாவது பெயர், பிறந்த தேதி போன்றவற்றால், உறுதிசெய்ய வேண்டும் என்றும், அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது. "செல்லம்" அறை எண்ணைவிடவும் மோசமான அடையாளம்; அறை எண்ணாவது ஒரே மாடியில் இரண்டு முறை வராது. அமெரிக்காவில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற செவிலியர் துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நினைவாற்றல் குன்றிய முதியோரைப் பராமரிக்கும் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தையிடம் பேசுவது போலப் பேசும்போது அந்த முதியோர் பராமரிப்பை எதிர்ப்பது கூடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். "எங்கள் முதிய நோயாளிகள் ஒத்துழைப்பதில்லை" என்று உங்கள் மேற்பார்வையாளர் என் மகளிடம் குறைபட்டுக்கொண்டது அதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் இதே மருத்துவமனையில், இதே மாடியில் இருந்தார். அவரை யாரும் "தாத்தா செல்லம்" என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அவர் கடைசி வரை "சார்". என் எதிர் அறையில் இருந்த, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று சொல்லப்பட்டவரும் "சார்"தான். அவர் மாத்திரையை விழுங்கியபோது "குட் பாய்" என்று ஒருவரும் பாராட்டவில்லை. பாசம் பெருக்கெடுத்து ஓடுகிற மருத்துவமனை என்றால் அது எதிர் அறைக்கும் கொஞ்சம் பாய்ந்திருக்க வேண்டாமா? கைப்பேசிக் கடையில் "டியர்", வங்கியில் "பாட்டிம்மா", பொறியாளராக வேலை செய்யும் என் மகளுக்கு அவள் வாடிக்கையாளரிடமிருந்து "ஸ்வீட்டி" என்று, இந்தப் பாசம் ஏனோ பெண்களைத் தேடித்தான் வருகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தை, கண்ணியத்துக்கான உரிமை உட்பட, உங்கள் வரவேற்புக் கூடத்தில் மீன்தொட்டிக்கு மேலே சட்டமிட்டு அழகாக மாட்டியிருக்கிறீர்கள். மீன்கள் அதை நன்றாகப் படித்திருக்கும்.

சினத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். உங்களிடம் பணிவோடு கேட்பது இவ்வளவுதான்: நோயாளியைச் சேர்க்கும்போது காப்பீட்டு எண்ணையும் ஆதார் எண்ணையும் கேட்கும் அதே மேசையில், "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள். பதிலைக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி வையுங்கள். "செல்லம்" என்றே கூப்பிடுங்கள் என்று சொல்பவர்கள் இருந்தால், அவர்களை அப்படியே கூப்பிடுங்கள்; பக்கத்துப் படுக்கை அம்மையாருக்கு அது பிடித்தே இருந்தது. ஆனால் ஊசியோடும் மாத்திரையோடும் வருபவர், எவராயினும், முதலில் நோயாளியின் பெயரைச் சொல்லட்டும்.

அடுத்த வியாழக்கிழமை மறுபரிசோதனைக்கு வருகிறேன். என் பெயரை இங்கே எழுதவில்லை. அது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வரும்போது வரவேற்பு மேசையில் இருப்பவர் அதைப் பார்த்துக் கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
இரண்டாம் மாடி, சன்னலோரப் படுக்கை