குறை எண்ணை அடிமானமாக வைத்தால்: நண்பனுக்கு ஒரு கடிதம்

மதுரை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பா,

நலம், உன் நலமும் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இடக்கண்ணில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்பதால், முதல் கடிதம் உனக்குத்தான். வீட்டுச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம்; பேத்தி கிளப்பிவிட்ட ஒரு கணக்கை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடுக்குக்குறிச் சார்பின் வரையறையில் அடிமானம், அதாவது அடுக்குக்கு உயர்த்தப்படும் எண், சுழியைவிடப் பெரியதாகவும் ஒன்றுக்குச் சமமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்தவள், "குறை எண் ஏன் கூடாது, தாத்தா?" என்றாள். போனில் 2-இன் அடுக்கு எக்ஸ் என்று இட்டால் அழகாக வளைவரை வருகிறது; அடைப்புக்குறிக்குள் −2 என்று இட்டால் திரை வெறுமையாக நிற்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நிபந்தனையைக் கரும்பலகையில் எழுதி, ஏன் என்று கேட்ட பிள்ளைகளிடம் "வரையறையே அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்தவன் நான். சொந்தப் பேத்தியிடம் அப்படித் தப்பிக்க மனம் வரவில்லை.

முதலில் அவள் அடைப்புக்குறி இடாமல், தலைகீழான வளைவரை ஒன்றைப் பார்த்து, விடை கிடைத்துவிட்டதென்று துள்ளினாள். அது 2-இன் அடுக்கைக் கண்டபின் குறைக்குறி சேர்த்ததன் படம். நம் சங்கதியே வேறு. இந்த இடத்தில் கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை: அடைப்புக்குறியின்றி −2-இன் வர்க்கத்தைக் கேட்டால் எக்செல் 4 என்கிறது, பைத்தான் என்ற நிரல்மொழி −4 என்கிறது.

வரைபடத்தாளை விரித்து முழு எண்களில் தொடங்கினோம். 0-க்கு 1, 1-க்கு −2, 2-க்கு 4, 3-க்கு −8. இடப்பக்கம் −½, ¼ என்று சுருங்கிக்கொண்டே போகிறது. புள்ளிகள் அச்சுக்கு மேலும் கீழுமாகத் தாவுகின்றன. அவள் பென்சிலால் அவற்றை இணைக்கப் போனாள். இடையில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு இணை என்று கையைப் பிடித்துக்கொண்டேன். 0.4 என்பது 2/5. ஐந்தாம் மூலம் இருப்பதால் மதிப்பு ஏறத்தாழ 1.32. 0.6 என்பது 3/5, மதிப்பு −1.52. இரண்டுக்கும் நடுவிலுள்ள 0.5-க்கோ −2-இன் வர்க்கமூலம் வேண்டும், அது மெய்யெண்களில் கிடையாது. ஆக, எளிய வடிவில் எழுதிய பின்னத்தின் பகுதி ஒற்றைப்படையானால் புள்ளி உண்டு. தொகுதி இரட்டையானால் மேலே, ஒற்றையானால் கீழே. பகுதி இரட்டைப்படையானால் புள்ளி இல்லை. விகிதமுறா எண்களுக்கும் இல்லை, ஏனெனில் பின்னங்கள் வழியாக அவற்றை நெருங்கினால் மதிப்பு மேலும் கீழுமாக அலைகிறதே தவிர ஓரிடத்தில் நிலைப்பதில்லை. எளிய வடிவம் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், −8-ஐ 1/3 அடுக்குக்கு உயர்த்தினால் −2. அதையே 2/6 என்று எழுதி முதலில் வர்க்கப்படுத்திப் பிறகு ஆறாம் மூலம் எடுத்தால் 2. நாம் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் அடுக்கு விதிகள் இங்கே காலை வாரிவிடுகின்றன.

மேலே உள்ளவற்றுக்கு நீல மையும் கீழே உள்ளவற்றுக்குச் சிவப்பு மையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் புள்ளி வைத்தோம். தாளில் இரண்டு வளைவரைகள் கண்ணாடிப் பிம்பம்போல எழுந்தன. ஆனால் அவை கோடுகள் அல்ல, தூசு. எந்த இரண்டு நீலப் புள்ளிகளுக்கு இடையிலும் எண்ணற்ற நீலப் புள்ளிகள் இருக்கின்றன; ஆயினும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் இல்லை. கணித மேதை ஆய்லர் 1748-இல் வெளியிட்ட நூலில் −1-ஐ அடிமானமாக வைத்து இதே விந்தையைப் பேசியிருக்கிறார்.

போன் ஏன் வெறுமையாக நின்றது என்பதற்கும் ஒரு வேடிக்கையான காரணம் அகப்பட்டது. கணினி வழக்கமாகப் பதின்ம எண்களை 2-இன் அடுக்கைப் பகுதியாகக் கொண்ட பின்னங்களாகவே வைத்துக்கொள்கிறது. நாம் 1/3 என்று இட்டாலும் அதனிடம் இருப்பது இரட்டைப்படைப் பகுதி கொண்ட ஒரு பக்கத்து எண்தான். முழு எண்களைத் தவிர நம் தூசியின் ஒரு துகளைக்கூட அதனால் தொட முடியாது! பைத்தானிடம் −2-இன் 1/3 அடுக்கைக் கேட்டால் கனமூலமான −1.26-ஐத் தராமல், மெய்ப்பகுதி 0.63, கற்பனைப்பகுதி 1.09 என்று ஒரு கலப்பெண்ணை (மெய்யெண்ணோடு −1-இன் வர்க்கமூலத்தின் மடங்கும் சேர்ந்த எண்ணை) தருவது அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

அந்தக் கலப்பெண்தான் எனக்கு வழிகாட்டியது. அடுக்கு மாற மாற அந்தக் கலப்பெண் மதிப்பு அச்சைச் சுற்றிச் சுருளாகப் போகிறது. சுருளின் விட்டம் மாறாதிருக்க −1-ஐ அடிமானமாக எடுத்துக்கொண்டேன். பழைய நோட்டின் சுருள் கம்பியை உருவி, அச்சின் மேல் 0, 1, 2 ஆகிய இடங்களில் மேலே ஒன்று கீழே ஒன்று என ஊசியால் துளையிட்டு, பைண்டிங் செய்பவரைப்போலத் துளை வழியே திருகி ஏற்றினேன். தாளுக்கு முன்னும் பின்னும் சுற்றிச் செல்லும் அந்தக் கம்பிதான் கலப்பெண் தளத்தில் சார்பின் முதன்மை மதிப்பு, அதாவது பல மதிப்புகளுள் வழக்கமாக எடுத்துக்கொள்வது; தாளைத் துளைக்கும் இடங்களில் மட்டுமே அது மெய்யெண். ஆனால் சார்புக்கு ஒரே சுருள் அல்ல, எண்ணற்ற சுருள்கள் உண்டு. முதல் சுருளைவிட மும்மடங்கு நெருக்கமானது 1/3, 2/3 என்ற இடங்களிலும், ஐம்மடங்கு நெருக்கமானது 1/5, 2/5 என்ற இடங்களிலும் துளைக்கிறது. நெருக்கம் ஒற்றைப்படை மடங்குகளில் மட்டுமே வருவதால் துளைகளும் ஒற்றைப்படைப் பகுதிகளில் மட்டுமே விழுகின்றன. நாங்கள் நீலமும் சிவப்புமாக வைத்த அத்தனை புள்ளிகளும், அடிமானத்தை மாற்றிப் பார்த்தால், இந்தச் சுருள்கள் தாளைத் துளைத்த தடங்களே. இதைக் கண்ட இரவு நான் சாப்பிட மறந்ததாக உன் தங்கை இன்னும் குறைசொல்கிறாள்.

மும்மடங்குச் சுருள் வரை ஏற்றிவிட்டோம். ஐம்மடங்குக்கு ஏற்ற நெருக்கமான கம்பி இங்கே கிடைக்கவில்லை. உன் மருமகனின் ஜெராக்ஸ் கடையில் மீந்த சுருள் இருந்தால், திருவிழாவுக்கு வரும்போது இரண்டு மூன்று எடுத்துவா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்